தம்பிக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை விடவில்லை, தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டு அரைகுறையாக நடக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்று ஓர் எழுத்து அனுப்புகிறாய். ஜோகூரில் எழுத்துக்கும் காசு வாங்குகிறார்களோ என்னவோ.

ஆபீசில் பரீட்சை வைத்து, பதினாறு ரகத்தில் நீ ஒரு ரகம், இன்ட்ரோவர்ட், தனக்குள்ளேயே ஒடுங்குகிற ஆள் என்று எழுதிக் கொடுத்தார்களாம். அதனால்தான் பேசுவதில்லை என்று தங்கச்சியிடம் சொன்னாயாமே. அது என்னவென்று அவளையே படித்துக் காட்டச் சொன்னேன். கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் 1921-ல் போட்ட புத்தகத்தில் தொடங்கிய பேச்சாம் இது. உள்ளே ஒடுங்குவது, வெளியே கலந்து பழகுவது, எல்லாரிடமும் இந்த இரண்டு குணமும் உண்டு என்றுதான் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அதைக் கேள்வித்தாள் ஆக்கினார்கள். இரண்டு பேருமே மனோதத்துவம் முறையாகப் படித்தவர்கள் இல்லையாம். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நிறையப் பேருக்கு வேறு ரகம் வருகிறதாம். இதைப் போய் பிறப்புப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாயே!

உங்கப்பா எந்த ரகம், சொல். விடியற்காலைப் பெரட்டில் அவர் வேலையாட்கள் பேரைக் கூப்பிடும் சத்தம் கடைசி லயத்து வீடுவரை கேட்கும். வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றி வாசல் அஞ்சடியில் கவிழ்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். என்மேல்தான் கோபம் என்று நினைத்து அடுப்படியில் அழுதிருக்கிறேன். ஒருநாள் அவரே, "இப்போ பேச முடியல, குளிச்சிட்டு வர்றேன்" என்றார். அதற்கப்புறம் நான் அழவில்லை.

நீயும் அவர் மாதிரிதான். எனக்கு அதில் பெருமை. மாமா கல்யாணத்தில் அத்தனை கூச்சலிலும் மூலையில் உட்கார்ந்து ஒரு வெள்ளி பிசகாமல் மொய் எழுதினவன் நீ. ஆனால் மலருக்குப் பேசினால்தான் மனசு ஆறும். நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், என்ன தப்பு செய்தோம் என்று அவள் ராத்திரியெல்லாம் முழித்திருப்பாள்.

முதல் ஆடிக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம்தான். புரட்டாசியும் பிறந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கவிச்சி சாப்பிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அவளுக்குப் போன் போடு. பேச்சு வரவில்லை என்றால் அதையாவது சொல். போன் போடு தம்பி.

முறுக்கு சுட்டு இரண்டு டின்னில் வைத்திருக்கிறேன். தங்கச்சி சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருவாள். சின்ன டின் உனக்கு. பெரியது கிள்ளானில் மலர் வீட்டுக்கு. தபாலில் போட்டுவிடாதே, நொறுங்கிப் போகும். நீயே கொண்டுபோய்க் கொடு.

இப்படிக்கு,
அம்மா