இளையோர் கால்நடைப் பிரிவு: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும், இன்று காலை பட்டியில் புழுக்கை கூட்டிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் நன்றி.

இந்த ஆண்டு இங்கே ஒஹாயோவில், கவுண்டி ஃபேர் எனப்படும் மாவட்டத் திருவிழாவில், நம் பிரிவின் பிள்ளைகள் 11 பேர் கால்நடை காட்டினார்கள். ஏழு பேர் வெள்ளாடு, இருவர் முயல், ஒருவன் முட்டைக்கோழி, ஒருத்தி பக்கத்துப் பண்ணையில் குத்தகைக்கு எடுத்த பால் கிடேரி. முயலும் கோழியும் வீட்டுப் பின்புறத்திலேயே நல்லபடியாக வளர்ந்தன. கிடேரி வளர்த்த பெண் தன் அனுபவத்தைத் தானே எழுதி வந்திருக்கிறாள், அடுத்து அவள் படிப்பாள். காளைக் கன்று எடுக்கலாமா என்று ஜனவரியில் பேசினோம். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் மாடுகள் மொத்தம் 8.67 கோடியாக இருந்தன. 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. கன்று விலை நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பாலும் ஆடுதான் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் குடும்பங்களுக்காக ஒரு விளக்கம். ஃபேர் என்றால் ராட்டினமும் எலுமிச்சைச் சாறும்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். அதன் வேரே கால்நடைதான். 1807இல் எல்கானா வாட்சன் என்பவர் மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு ஊர்ப் பொதுத்திடலில் இரண்டு மெரினோ செம்மறிகளைக் கட்டி வைத்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த வழக்கம். பிள்ளைகளுக்கான ஃபோர்-ஹெச் (4-H) என்ற அமைப்பு நம் ஒஹாயோவிலேயே பிறந்தது. 1902 ஜனவரி 15 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில், கிளார்க் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி மண்ணையும் சோளத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் இதைப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியோடு, அதாவது வேளாண் அறிவை ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் வேலையோடு, இணைத்தது. அதனால்தான் இன்றும் நம் பதிவெல்லாம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கவுண்டி அலுவலகம் வழியாகவே நடக்கிறது. எட்டு வயதாகி மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை முதல் பதினெட்டு வயது வரை சேரலாம். தலை, நெஞ்சு, கை, உடல்நலம் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் அந்த நான்கு ஹெச். இந்த ஆண்டு நான் அதிகம் யோசித்தது மூன்றாவதைப் பற்றி. யாருடைய கை என்பதுதான் கேள்வி.

நம்மில் யாருக்கும் நிலம் கிடையாது. அபார்ட்மெண்டிலும் குடியிருப்பு வளாகங்களிலும் ஆடு வளர்க்க விடமாட்டார்கள். பத்து நிமிடத் தொலைவில் ஓய்வு பெற்ற விவசாயி ஒருவர் தம் கொட்டகையில் பாதியை நமக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். கொட்டகை சுத்தமாக இருக்க வேண்டும், கதவுத் தாழ்ப்பாள் போட மறக்கக் கூடாது, இந்த இரண்டுதான் அவர் கேட்டது. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று முறை போட்டுக்கொண்டோம். பெற்றோருக்கு வண்டி ஓட்டும் வேலை மட்டும்தான் என்று மார்ச் கூட்டத்தில் ஒப்புக்கொண்டோம். இது பாதிதான் நடந்தது.

ஏப்ரலில் குட்டிகள் வாங்கினோம். எல்லாம் போயர் கலப்பு, வெள்ளை உடம்பும் செவலைத் தலையும். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த காங்கேயம் பக்கத்துத் தாத்தா ஒருவரும் கூட வந்தார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஒவ்வொரு குட்டியாகத் தாடையைப் பிடித்து உதட்டை விலக்கி, "பால் பல்லுதான், இதைப் புடி சாமி" என்று பேத்தியிடம் சொன்னார். ஒரு குட்டியை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அதன் முன்பற்களில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஃபேருக்காக ஆடுகளை எடை போட்டுப் பதியும் எடை நாளன்று கவுண்டி அலுவலரும் அதே மாதிரி உதட்டை விலக்கித்தான் பார்த்தார். இறைச்சிக்காக ஏலம் போகும் விற்பனைப் பிரிவில் காட்டும் ஆட்டுக்குப் பால் பல் விழுந்திருக்கக் கூடாது என்பது இங்கே விதி. "எங்க தாத்தா இதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட அன்றும் அதேதான். இங்கே 'ஓவர்ஈட்டிங் டிசீஸ்' என்கிறார்கள். தீவனம் திடீரென மாறினால் குடலில் கிருமி பெருகி, நேற்று துள்ளிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும். விவரம் கேட்டதும் தாத்தா, "அட, துள்ளுமாரி" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் அது துள்ளுமாரிதான்.

எடை நாளில் என் பிழை ஒன்று. ஒரு குட்டியின் காது வில்லை எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். கடைசி நாளுக்கு முன்பே ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள், திருத்தினோம். அடுத்த ஆண்டு முதல் எண்ணைப் பிள்ளையே படிக்கட்டும், பிள்ளையே எழுதட்டும், நான் சரிபார்க்கிறேன்.

ஜூன் மாதம் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். காலை முறைக்கு வந்த பதின்மூன்று வயதுப் பையன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுடைய காயடித்த கிடா தீவனத்துக்கு வரவில்லை. பின்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு முக்குகிறது, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, சிறுநீர் இரண்டு சொட்டுக்கு மேல் வரவில்லை. காய்ச்சல் பார்த்தாயா என்றேன். "பார்த்துட்டேன் அங்கிள், நூற்றிரண்டு, அது நார்மல்தான், இது கல்" என்றான். புத்தகத்தில் படித்ததை நினைவில் வைத்திருக்கிறான். கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். காயடித்த கிடாவுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். நுனியில் புழு மாதிரி ஒரு நீட்சி இருக்கும், கல் அங்கேதான் சிக்கும். அதைக் கத்தரித்ததும் சிறுநீர் பீறிட்டு வந்தது. பையன் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

காரணம் என்ன என்று மருத்துவர் தீவனத் தொட்டியைப் பார்த்துக் கேட்டார். தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் இருக்க வேண்டும். நம் தீவன மூட்டையில் அது சரியாக இருந்தது, கல் கட்டாமலிருக்க அம்மோனியம் குளோரைடும் சேர்ந்திருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எடை ஏறட்டும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் மாலை முறையில் பிள்ளைக்குத் தெரியாமல் தினமும் இரண்டு கை மக்காச்சோளம் போட்டு வந்திருக்கிறார். அன்போடு செய்ததுதான். அவரே முன்வந்து சொன்னார், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஆட்டை அறிந்தவன் பையன். அவனிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பான்.

மருந்து கொடுத்தால் அது இறைச்சியிலிருந்து நீங்க எத்தனை நாள் என்று மருத்துவர் எழுதித் தருவார். அந்த நாள்களைச் சுவர் நாள்காட்டியில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வந்தோம். ஃபேருக்கு நன்றாக முன்பே கெடு முடிந்தது. ஒஹாயோவில் விற்பனைக் கால்நடை ஒவ்வொன்றுக்கும் மருந்துப் பயன்பாட்டுப் படிவம் கொடுக்க வேண்டும், அதில் பொய் இருந்தால் பிள்ளையின் பெயர்தான் கெடும். தயவுசெய்து யாரும் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தையோ கடை மருந்தையோ சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஜூலை மழையில் குடற்புழு வந்தது. இரத்தம் உறிஞ்சும் புழு. ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்ளே இருக்கும் நிறத்தை ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐந்து படி, சிவப்பென்றால் நலம், வெளுப்பென்றால் ஆபத்து. ஃபமாச்சா என்ற இந்த முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது. எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும், ஆகவே வெளுத்தவற்றுக்கு மட்டும். பிள்ளைகள் வாரா வாரம் பார்த்துக் குறித்தார்கள், இரண்டு ஆட்டுக்குத்தான் மருந்து தேவைப்பட்டது.

ஃபேர் வாரத்துக்கு வருகிறேன். முடி கத்தரிக்கும் இடத்தில் எனக்கு வருத்தம் ஏற்பட்டது. நம் கொட்டகை வரிசையில் ஒரு தந்தை கத்தரிப்பான் பிடித்துக்கொண்டிருந்தார், மகன் பக்கத்தில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்மில் மட்டுமில்லை, மற்ற வரிசைகளிலும் இது இருந்தது. ஆனால் நாம் நம்மைப் பற்றித்தான் பேச முடியும். அதே நேரம் மூன்று பட்டி தள்ளி ஒரு பத்து வயதுக்காரி தனியாகக் கத்தரித்து, ஆட்டின் விலாவில் படிக்கட்டு மாதிரி கோடு விழுந்துவிட்டது. அவள் ஆடு விற்பனைப் பிரிவில் நடுவில்தான் வந்தது. ஆனால் ஷோமன்ஷிப் என்ற ஆடு கையாளும் போட்டியில் அவள் தன் பிரிவில் முதலாவது வந்தாள்.

ஷோமன்ஷிப்பில் நடுவர் ஆட்டுக்கு மதிப்பெண் போடுவதில்லை, பிள்ளைக்குத்தான். கழுத்துப் பட்டையைப் பிடித்து நடக்க வேண்டும், கண் நடுவர் மேலேயே இருக்க வேண்டும், ஆட்டுக்கும் நடுவருக்கும் நடுவில் பிள்ளை வரக் கூடாது. நடுவர் ஆட்டைச் சுற்றி வந்தால் பிள்ளை பக்கம் மாற வேண்டும். கால் நான்கும் மூலைக்கு ஒன்றாக நிற்க வேண்டும். இவள் ஆட்டின் பின்னங்கால் ஒன்று உள்ளே போனது. அவள் கீழே பார்க்கவில்லை. கையை மட்டும் இறக்கித் தடவிக் காலைத் தூக்கி வைத்தாள், கண் நடுவரை விட்டு அகலவில்லை. தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று கேட்டார். 16 சதவீதம் என்றாள். இதே தாதுக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கலாமா என்றார். கூடாது, ஆட்டுக்கு வேண்டிய தாமிரம் செம்மறிக்கு நஞ்சு என்றாள். அப்புறம் பக்கத்துப் பையனின் ஆட்டோடு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பழக்கமில்லாத ஆடு முரண்டு பிடித்தது. அவள் இழுக்காமல் தோளோடு தோள் நின்று, ஆடு அடி எடுத்து வைக்கும் வரை காத்திருந்தாள். இரண்டு மாதம் காலை ஆறு மணிக்கு வந்தவளுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். இந்த ஆண்டு நமக்குக் கிடைத்த ரிப்பன்களில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

சுகாதாரம் பற்றி ஒரு சொல். 2012 கோடையில் ஃபேர்களில் பன்றிகளிடமிருந்து பரவிய எச்3என்2வி காய்ச்சல் நாட்டில் 309 பேருக்கு உறுதியானது, ஒஹாயோவிலும் பலருக்கு வந்தது. 2015இல் பறவைக் காய்ச்சலால் இந்த மாநிலத்தில் கோழிக் காட்சிகளையே நிறுத்தினார்கள். கொட்டகைக்குள் டிபன் பெட்டியைத் திறக்காதீர்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைக்குழந்தையை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

விற்பனை இரவு. ஏழு ஆட்டில் ஐந்து விற்பனைப் பிரிவு, இரண்டு இனப்பெருக்கப் பிரிவுப் பெட்டைகள். சைவக் குடும்பங்கள் இரண்டும் பெட்டையைத்தான் எடுத்தன, அவை இன்னும் நம் பட்டியில் இருக்கின்றன. மற்ற ஐந்தும் ஏலத்துக்குப் பிறகு இறைச்சிக்காக லாரி ஏறின. இந்த முடிவைக் குட்டி வாங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும். 2022இல் கலிபோர்னியாவின் சாஸ்தா கவுண்டியில் ஏலம் போன ஆட்டைத் திருப்பிக் கேட்ட ஒரு குடும்பத்துக்கும் அதிகாரிகளுக்கும் நடந்த வழக்கு 3 லட்சம் டாலர் சமரசத்தில் போய் முடிந்தது. ஆடு அதற்கு வெகு முன்பே இல்லை. அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது. லாரி கிளம்பியபோது பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பாட்டி, "ஆடியில கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாக்கு நானும் இப்படித்தான் அழுதேன் கண்ணு, மூணு நாள் சோறு இறங்கல" என்று சொல்லிப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அது நல்லது.

ஏலத்தில் வாங்கியவர்களுக்குப் பிள்ளைகள் கைப்பட நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாங்க வருமாறு அழைக்கும் கடிதத்தையும் மே மாதமே எழுத வேண்டும். இந்த முறை தாமதமாகத்தான் எழுதினோம், இரண்டு பிள்ளைகளுக்கு ஏலத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார்.

இப்போது தீர்மானம். 2026 முதல், ஆட்டைத் தொடும் வேலை எதுவானாலும், தீவனம், கழுவுதல், கத்தரித்தல், படிவம் எழுதுதல் எல்லாம், பிள்ளைதான் செய்ய வேண்டும். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கலாம், பக்கத்தில் நிற்கலாம், கை வைக்கக் கூடாது. ஒரு மாதத்தில் தன் முறைகளில் நான்குக்கு மேல் தவறவிட்ட பிள்ளை அந்த ஆண்டு ஆடு காட்டக் கூடாது. இது கடுமையாகத் தோன்றலாம். மக்காச்சோளமும் கத்தரிப்பானும் நடந்த பிறகு இதைவிட மென்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. வாக்கெடுப்பில் பிள்ளைகளும் கை தூக்கலாம் என்று தலைவர் அனுமதித்திருக்கிறார்.

குளிர்கால முறைப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பெட்டைகளும் சினை. ஐந்து மாதக் கணக்குப்படி மார்ச்சில் குட்டி போடும். செவ்வாய், வியாழன் காலை இன்னும் காலியாக இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியில் பனி உறைந்தால் உடைக்க வேண்டும், தடித்த கையுறை கொண்டு வாருங்கள். கொட்டகைச் சாவி கதவுக்கு வலப்பக்க ஆணியில் தொங்கும்.

இப்படிக்கு,
செயலாளர்,
இளையோர் கால்நடைப் பிரிவு