பச்சை பிளேட்டு கணக்கு

அன்புள்ள முருகேசு,

உன் கவர் வந்து பதினேழு நாள் ஆச்சு. பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வரவில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் கூட்டாளி தனபால் இன்னும் அதே பழைய ஹெல்மெட்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மின் ஸ்கூட்டர் சர்வீஸ் கடைக்கு நீ எழுதிய புராஜெக்ட் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். வாடகை, கருவிகள், இரண்டு பையன்கள் சம்பளம் எல்லாம் கணக்காக இருக்கிறது. மூன்றாம் பக்கம்தான் வயிற்றைக் கலக்குகிறது. ‘பொள்ளாச்சியில் ஓடும் மின் ஸ்கூட்டர்கள்’ என்று தலைப்புப் போட்டு, வாகன் இணையதள டாஷ்போர்டில் டி.என். 41-க்கு, அதாவது பொள்ளாச்சி ஆர்.டி.ஓ.வுக்கு, வந்த எண்ணை அப்படியே இறக்கி, அதில் பத்தில் ஒன்று நம் கடைக்கு வரும் என்று முடித்துவிட்டாய். பேங்க்காரர் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாம். தவணை கட்டப் போவது நீதானே மாப்ளே?

வாகன் என்பது ஆர்.டி.ஓ. ஆபீசின் பதிவேடு, அவ்வளவுதான். ஒரு வண்டிக்கு எந்த ஆபீசில், என்றைக்கு நம்பர் கொடுத்தார்கள், எந்தக் கம்பெனி, என்ன எரிபொருள், என்ன வகை என்பது அதில் இருக்கும். அந்த வண்டி இன்றைக்கு எங்கே நிற்கிறது, ஓடுகிறதா, மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பிறப்புப் பதிவை மட்டும் எண்ணி ஊரில் இத்தனை பேர் என்று சொல்கிற கதை. வண்டி அழிந்துபோனால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. காயலான் கடையில் போட்டுவிட்டு யார் போய் எழுதிக் கொடுக்கிறார்கள்? டெல்லியைப் பார். 2020-21இல் பதிவில் இருந்தவை சுமார் 1.22 கோடி வண்டிகள். மறு வருஷம் சுமார் 79 லட்சம். பத்து வருஷம் தாண்டிய டீசல், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளின் பதிவை ஒரேயடியாக ரத்து செய்தார்கள். கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. அதற்காகச் சாலையில் மூன்றில் ஒரு வண்டி காணாமல் போய்விடவில்லை. உன் மின் ஸ்கூட்டர்கள் புதுசு என்பதால் இந்தக் கோளாறு உனக்குக் குறைவுதான். 2021, 2022இல் வந்து, பேட்டரி போய், புது பேட்டரி விலையைக் கேட்டு மூலையில் நிறுத்தப்பட்டவை அதில் கட்டாயம் இருக்கும்.

இன்னொன்று, நீ எண்ணையே தப்பாக எடுத்திருக்கிறாய். எரிபொருளில் ‘எலக்ட்ரிக் பி.ஓ.வி.’ (பேட்டரியில் ஓடும் வண்டி) மட்டும் டிக் செய்திருக்கிறாய். ‘ப்யூர் இ.வி.’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, இரண்டையும் கூட்ட வேண்டும். ‘பெட்ரோல் ஹைப்ரிட்’ பக்கம் போகவே போகாதே. பெயருக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்த கார்களும் அதில்தான் கிடக்கின்றன. பெட்ரோல் வண்டி குறைந்துவிட்டது என்று நீ சந்தோஷப்பட்டதும் அவசரம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற வண்டிகளை ‘பெட்ரோல் எத்தனால்’ என்று வேறு பெயரில் எழுதுகிறார்கள். குறைந்தது அந்த வரி மட்டும்தான். வண்டி வகையில் ‘டூ வீலர் என்.டி.’ ஒன்றைத்தான் எடுத்திருக்கிறாய். அது சொந்த உபயோகம். ‘டூ வீலர் டி.’ வாடகைக்கு ஓடுவது. எண்ணிக்கை கொஞ்சம்தான் என்றாலும் நாள் முழுக்க ஓடி அடிக்கடி சர்வீசுக்கு வருவது அதுதான். ஆனால் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களில் பாதிப் பேர் சொந்த வண்டியில் என்.டி. நம்பரோடுதான் ஓடுகிறார்கள், அது எந்தக் கட்டத்திலும் தனியாகத் தெரியாது.

எடுக்கிற முறையைச் சொல்கிறேன். மாநிலம், ஆர்.டி.ஓ., வருஷம் தேர்ந்தெடு. ஒய் ஆக்சிஸில் மேக்கர் (கம்பெனி), எக்ஸ் ஆக்சிஸில் மாதம். ரிஃப்ரெஷ் அழுத்து. பிறகு பக்கத்துப் பட்டியலில் வண்டி வகை, எரிபொருள் டிக் செய்து அங்கே இருக்கிற இன்னொரு ரிஃப்ரெஷையும் அழுத்து. இந்த இரண்டாவதை விட்டால் எல்லா எரிபொருளும் சேர்ந்த எண்தான் திரையில் நிற்கும். உன் 2022 எண் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. இல்லையென்றால் அத்தனை ஸ்கூட்டர் அந்த வருஷம் பொள்ளாச்சிக்கு எப்படி வந்தது? எடுத்த தேதியை மேலே எழுதி வை. பழைய மாத எண்களும் பின்னால் கொஞ்சம் மாறும்.

அதில் மாடல் கிடையாது, கம்பெனி பெயர் மட்டும்தான். ஐக்யூப் ஸ்கூட்டர் எத்தனை என்று தெரிய டி.வி.எஸ். வரியில் எரிபொருள் வடிகட்டிப் பார்த்தால்தான் உண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு வேறு: பஜாஜின் சேத்தக் மின் ஸ்கூட்டரைத் தேடினால் பஜாஜ் ஆட்டோவையும் பார், சேத்தக் டெக்னாலஜியையும் பார். ஹீரோ மோட்டோகார்ப் வேறு, ஹீரோ எலக்ட்ரிக் வேறு. நீ இரண்டையும் கூட்டி ஒன்றாக்கி, அதற்கு உதிரி பாகம் வாங்கவும் பட்ஜெட் போட்டிருக்கிறாய்!

நான்காம் பக்கத்து கிராஃபுக்கு வருவோம். 2023 மே மாதம் ஊசி மாதிரி ஏறியதற்குப் பக்கத்தில் ‘மக்களிடையே விழிப்புணர்வு’ என்று எழுதியிருக்கிறாய். விழிப்புணர்வா? ஜூன் 1 முதல், மின் வண்டிக்கு மத்திய அரசு தந்த ஃபேம் 2 மானியத்தின் உச்சவரம்பை வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அதற்கு முன்னால் வாங்கிவிட ஜனம் ஓடியது. நாடு முழுக்க மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது ஜூனில் பாதிக்கும் கீழே போனது. 2024 மார்ச் ஏற்றமும் அதே கதைதான், அந்த மாதத்தோடு திட்டமே முடிந்தது. ஆடியில் இறங்குவதும் ஆயுத பூஜையில் ஏறுவதும் உனக்கே தெரியும். ஆனால் தீபாவளி நகர்கிறது: 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் தப்பு வரும், அக்டோபர் நவம்பர் இரண்டையும் சேர்த்து ஒப்பிடு.

பேப்பரில் மாதம் பிறந்ததும் வருகிற விற்பனை எண்ணை இதோடு கலக்காதே. பெரும்பாலும் அது கம்பெனி டீலருக்கு அனுப்பிய கணக்கு. டீலர் சங்கமான ஃபாடா தருவதுதான் பதிவுக் கணக்கு. அதிலும் நீண்ட காலம் தெலங்கானா சேராமல்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு மின் ஸ்கூட்டர் கம்பெனி 25,000க்கு மேல் விற்றோம் என்றது. வாகனில் ஒன்பதாயிரம்கூட இல்லை. விற்பதும் பதிவாவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்பதில்லை.

இனி உன் கடைக்குக் கணக்கு. வாரண்டியில் இருக்கிற வண்டி கம்பெனி சர்வீசுக்குத்தான் போகும். பெரும்பாலும் மூன்று வருஷம்; பேட்டரிக்குச் சில கம்பெனிகளில் எட்டு வருஷம் வரை நீட்டிக்கலாம். அதனால் இந்த வருஷப் பதிவு எவ்வளவு ஏறினாலும் உனக்கு இப்போது அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவுகளை வருஷம் வருஷமாகத் தனியே எடு. பிரேக், டயர், பேரிங் வேலைக்கு எல்லா வருஷத்தையும் எண்ணலாம். கன்ட்ரோலர், பேட்டரி வேலைக்குப் பழையவை மட்டும். இரண்டையும் ஒரே எண்ணாக்காதே.

டி.என். 41 வண்டியெல்லாம் பொள்ளாச்சியில் ஓடுகிறது என்று யார் சொன்னது? படிக்கப் போன பிள்ளைகளோடு பாதி கோவையில் இருக்கும். அங்கிருந்து டி.என். 37, 38, 66, 99 நம்பர் வண்டிகள் இங்கே வரும். கேரளாவின் பாலக்காடு கே.எல். 09, சித்தூர் கே.எல். 70 தினமும் எல்லை தாண்டி வரும். போதாக்குறைக்கு 2019 சட்டத் திருத்தம் மாநிலத்துக்குள் எந்த ஆபீசிலும் பதியலாம் என்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட, கால் கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார் வண்டிக்குப் பதிவே தேவையில்லை. அது வாகனில் வரவே வராது, ஆனால் மழையில் நனைந்தால் முதலில் உன் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

அதனால் இறங்கி எண்ணு. வியாழன் சந்தை நாளில் ஒரு தடவை, சாதாரண நாளில் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வண்டி நிறுத்தத்தில் காலை 9 முதல் 11 வரை. மின் வண்டிக்குப் பச்சை பிளேட்டு; அதில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. எந்த நம்பர், எந்தக் கம்பெனி, பார்க்க எவ்வளவு பழசு என்று நூறு வண்டி எழுது. பிளேட்டே இல்லாத மெதுவண்டிகளைத் தனிக் கோட்டில் போடு. நூறில் அறுபதுதான் 41 என்று வந்தால், வெளியூர்ப் பங்கு நாற்பது என்று தெரியும். இங்கிருந்து வெளியே போனவை எத்தனை என்று இந்த எண் சொல்லாது. அதற்கு வாகனில் உள்ள கம்பெனிப் பங்கையும் தெருவில் பார்த்த கம்பெனிப் பங்கையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரு கம்பெனி மட்டும் தெருவில் ரொம்பக் குறைந்தால் அந்த வண்டிகள் நின்றுபோயிருக்கலாம். அங்கேதான் உனக்கு வேலை இருக்கிறது, அல்லது உதிரி பாகம் கிடைக்காத தலைவலி இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ‘ஓனர் போன் நம்பர் லிஸ்ட் கிடைக்குமா’ என்று எழுதி அடித்திருக்கிறாய். அடித்தது நல்லது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019இல் மத்திய அரசே வாகனின் மொத்தத் தரவை விலைக்குத் தர ஒரு கொள்கை வைத்தது. தனியுரிமைக் கவலையால் 2020இல் அதைக் கைவிட்டது. இப்போது எவனாவது எக்செல் ஃபைல் விற்றால் அது எங்கிருந்தோ கசிந்த சரக்கு. ஐந்து பைசாவுக்கும் வாங்காதே. வாசலில் போர்டு வை, போதும்.

மூன்றாம் பக்கத் தலைப்பை ‘டி.என். 41-இல் பதிவான மின் இருசக்கர வண்டிகள், ஆண்டுவாரியாக’ என்று மாற்று. எண்ணிய தாளை அதன் பின்னால் இணைத்து எனக்கு ஒரு காப்பி அனுப்பு, பேங்க்குக்குப் போகும் முன்னால்.

எண்ணப் போகும்போது தனபாலைக் கூட்டிப் போகாதே. முப்பதாவது வண்டியோடு டீக்கடைக்குப் போய்விடுவான், மீதி எழுபதையும் அங்கிருந்தே எழுதிக் கொண்டுவருவான்.

உன்,
சேகர்