தெரேசே குரோனெஸ்: கொலை வழக்கு கால் பங்கு, மேடை முக்கால் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியன்னா நாடக நடிகை தெரேசே குரோனெஸ் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அவர் பெயர் அச்சேறுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கைக் கொலை வழக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மேடையில் அவர் என்ன செய்தார் என்பதற்கு இரண்டே வரி. "ஓபரா பாடகி" என்றும், "கொலைகாரனின் கூட்டாளி" என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டும் தவறு. நாடகம் எழுதியவர் என்ற செய்தி இடம்பெறவே இல்லை.

வழக்கை முதலில் முடித்துவிடுவோம். செவெரின் யாரோஷின்ஸ்கி என்ற போலந்துக்காரன், பிரபு என்ற தோரணையில் வியன்னாவில் வாரி இறைத்துக் கழுத்தளவு கடனில் இருந்தவன். 1827 பிப்ரவரியில் தன் பழைய ஆசிரியரான யோஹான் கொன்ராட் பிளாங்க் என்ற பாதிரியாரை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றுவிட்டு, அவரிடமிருந்த கடன்பத்திரங்களை எடுத்துக்கொண்டு போனான். சில நாட்களிலேயே பிடிபட்டான். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டான். குரோனெஸ் அவனோடு பழகியவர், அவன் வைத்த விருந்துகளுக்குப் போனவர். கொலையில் அவருக்குப் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டே குரோனெஸ் எழுதிய நாடகம், அவர் நடித்துவந்த லியோபோல்ட்ஸ்டாட் அரங்கில் மேடையேறியது. கூட்டாளி என்று ஊர் நம்பியிருந்தால் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்குமா?

பிறகு அந்தக் கதையெல்லாம் எங்கிருந்து வந்தது? அடால்ஃப் பாய்ர்லே என்பவர் வியன்னாவின் நாடகப் பத்திரிகையை நெடுங்காலம் நடத்தியவர், தாமே நாடகாசிரியர், குரோனெஸ் மேடையில் இருந்த காலத்தவர். குரோனெஸ் இறந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1850களில், அவர் வாழ்க்கையை நாவலாக எழுதினார். நேரில் கண்டவர் எழுதியது என்பதால் அதிலுள்ள பேச்சையும் கண்ணீரையும் பின்னால் வந்தவர்கள் சாட்சியமாகவே எடுத்துக்கொண்டார்கள். நாடகாசிரியர் கார்ல் ஹாஃப்னரும் குரோனெஸைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். (1874-இல் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் இசையமைத்த "டி ஃப்ளெடர்மௌஸ்" என்ற புகழ்பெற்ற ஆப்பரெட்டாவின் (இலகுவான இசைநாடகத்தின்) பாடல்நூலில் பெயர் உள்ள அதே ஹாஃப்னர்தான்.) தங்கள் கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல்களும் இந்த நாவல் வழியாக வந்தவை என்றே படுகிறது. நாவலாசிரியர் எழுதிய வசனத்தை நடிகையின் வாயில் வைக்கக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். குரோனெஸ் 1801 அக்டோபர் 7 அன்று ஆஸ்திரிய சிலேசியாவில் ஃப்ராய்டென்டால் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் புருந்தால். தந்தை தோல்-ரோமத் தையல்காரராக இருந்து, தொழிலை விட்டு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு நடத்தியவர். அந்தக் குழுவில்தான் மகள் வளர்ந்தார். சங்கீதப் பள்ளியில் குரல் பழகிவந்த பெண் அல்ல. வண்டி, கொட்டகை, மேடை என்று பழகியவர். 1821-இல் லியோபோல்ட்ஸ்டாட் அரங்கில் சேர்ந்தார்.

அந்த அரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1781-இல் கார்ல் மாரினெல்லி தொடங்கியது. டான்யூப் கால்வாய்க்கு அக்கரையில், நகர மதிலுக்கு வெளியே இருந்த புறநகர்க் கொட்டகை. மதிலுக்குள் இருந்த இரண்டும் அரசவை அரங்குகள்; ஒன்று வசன நாடகத்துக்கு, மற்றொன்று ஓபராவுக்கு. புறநகர் அரங்குகளுக்கு அன்றன்றைய வசூல்தான் சோறு. ஆகவே அங்கே ஒரே ஆள் பேச வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும், சிரிக்க வைக்கவும் வேண்டும். இந்த வேலைக்கு வியன்னாவில் தனிப் பெயரே இருந்தது: "லோக்கால்சேங்கரின்", அதாவது உள்ளூர்ப் பேச்சில் நடித்துப் பாடும் நடிகை. குரோனெஸ் இந்த வகை. ஓபராவில் குரல் வாத்தியக் கூட்டத்துக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும், சொல் கொஞ்சம் மங்கினாலும் மன்னிப்பு உண்டு. இங்கே பாட்டு வசனத்துக்கு நடுவில் வருகிறது. ஒரு சொல் தவறிப்போனால் சிரிப்பு தவறிப்போகும். எனவே மெட்டு பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்ற கணக்கில்தான் ஓடும்.

1826 நவம்பர் 10 அன்று அந்த மேடையில், நடிகரும் நாடகாசிரியருமான ஃபெர்டினாண்ட் ரைமுண்டின் "விவசாயி கோடீஸ்வரனான கதை" அரங்கேறியது. மூன்று அங்கம், பாட்டோடு கூடிய மாயக்கதை. இசை யோசெஃப் டிரெக்ஸ்லர். பின்னாளில் இளைய ஸ்ட்ராஸுக்கு இசையிலக்கணம் கற்பித்தவர். புதையல் கிடைத்துத் திடீர்ப் பணக்காரனான வுர்ட்செல் என்ற விவசாயி, நகரத்துக்குக் குடிபெயர்ந்து, வளர்ப்பு மகளை ஏழை மீனவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறான். வுர்ட்செலாக ரைமுண்டே நடித்தார். குரோனெஸுக்குக் கிடைத்த பாத்திரம் "இளமை". இரண்டாம் அங்கத்தில் ஒரே காட்சி. வந்து விடைபெற்றுப் போய்விடுகிற பாத்திரம். அந்த ஒரு காட்சிதான் இருநூறு ஆண்டுகளாக அவர் பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

காட்சி இப்படி. கோட்டும் கால்சட்டையுமாக, மிடுக்கான வாலிபன் வேடத்தில் இளமை உள்ளே வருகிறது. நடிப்பவர் பெண் என்பது சபைக்குத் தெரியும். உன்னோடு பிறந்தவன் நான், உன்னோடு எத்தனை ஆட்டம் போட்டிருக்கிறேன், இன்றோடு நம் நட்பு முடிந்தது என்று பேச்சு கேலியும் செல்லமுமாகப் போகிறது. பிறகு இருவரும் சேர்ந்து பாடும் "ப்ரூடர்லைன் ஃபைன்" ("அருமைத் தம்பி") என்ற பாட்டு. இளமை தொடங்குகிறது: கோபித்துக்கொள்ளாதே தம்பி, சூரியன் எத்தனை அழகாகக் காய்ந்தாலும் ஒரு நேரம் சாயத்தானே வேண்டும். வுர்ட்செல் பேரம் பேசுகிறான்: வருஷத்துக்குப் பத்தாயிரம் தாலர் தருகிறேன், போகாதே. இளமை "இல்லை, இல்லை" என்று மறுத்துவிட்டுச் சொல்கிறது: பணம் உலகத்தில் பலதும் செய்யும், இளமையை மட்டும் வாங்காது. இளமை போனதும் சன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்து பனிக்காலம். முதுமை வந்து கதவைத் தட்டுகிறது. மூன்றாம் அங்கத்தில் அதே வுர்ட்செல் முதுகில் கூடையோடு வீடு வீடாகச் சாம்பல் கேட்டுத் திரிகிறான். அன்றைய வியன்னாவில் அது உண்மையான தொழில். விறகுச் சாம்பல் சோப்புக் காய்ச்சுபவர்களுக்குத் தேவைப்பட்டது.

இந்தக் காட்சி ஏன் எடுபடுகிறது, எங்கே கெடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். உலக நாடகக் காட்சிகளை எடுத்துச் செய்யும் கல்லூரிக் குழுக்களுக்கு உதவும்.

முதல் தவறு, இளமைப் பாத்திரத்தை ஆண் பையனுக்குக் கொடுப்பது. பாத்திரம் வாலிபன்தானே என்று தோன்றும். ஆனால் ஆண் பாடினால் மேல்வரி ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வுர்ட்செலின் வரியோடு ஒரே இடத்தில் மோதும். இரண்டு பேர் பேசிக்கொள்வதாகவே கேட்காது. பெண்குரல் மேலே மிதந்தால்தான் எட்டிப் பிடிக்க முடியாத ஒன்றை அவன் பிடிக்கப் பார்க்கிறான் என்பது காதுக்கே தெரியும்.

இரண்டாவது, பாட்டை இழுத்துப் பாடுவது. பிரிவுப் பாட்டு என்றதும் காலத்தை விளம்பமாக்கிவிடுகிறார்கள். "ப்ரூடர்லைன் ஃபைன்" என்ற அழைப்பு நான்கு அசை, இருமுறை. அதன்பின் வரிகள் ஏழேழு அசை. குழந்தைப் பாட்டின் கட்டு. நடக்கிற வேகத்தில்தான் அது நிற்கும். இளமைக்கு வருத்தம் கிடையாது, அதற்குப் போக வேறு வீடுகள் இருக்கின்றன. கனமெல்லாம் வுர்ட்செல் பக்கம். இருவரும் சேர்ந்து அழுதால் காட்சி படுத்துவிடும். நாங்கள் பார்த்த நவீன ஆக்கங்களில் பாதி இங்கேதான் சறுக்குகின்றன.

மூன்றாவது வெளிச்சம். அன்றைய மேடையில் எண்ணெய் விளக்குகள்தான். திரியை ஓரளவுக்கு மேல் இறக்கினால் புகை கக்கும். அதனால் மேடை விளிம்பு விளக்குகளைத் தொட்டியோடு தளத்துக்குக் கீழே இறக்குவார்கள், பக்கவாட்டு விளக்குகளுக்குத் தகடு மறைப்பார்கள். இது சட்டென்று நடக்காது. வசனமும் பாட்டும் ஓடும்போதே மெல்ல மங்கும். இன்று ஒரு பொத்தானில் இருட்டாக்கிவிடலாம் என்பதால் இருட்டாக்கிவிடுகிறார்கள். பனிக்காலம் வந்தது மாதிரி இருக்காது, மின்வெட்டு மாதிரி இருக்கும்.

நான்காவது, நேரம் போதவில்லை என்று மூன்றாம் அங்கத்தில் வுர்ட்செல் பாடும் சாம்பல்காரன் பாட்டை வெட்டுவது. அதை வெட்டினால் இளமைப் பாட்டு வெறும் இனிப்பாக நின்றுவிடும். வெட்ட வேண்டுமானால் நாடகத் தொடக்கத்தில் வரும் தேவதைகளின் சபையைச் சுருக்குங்கள். அங்கே வெட்ட நிறைய இருக்கிறது.

தணிக்கை பற்றியும் தங்கள் கட்டுரையில் பேச்சில்லை. குரோனெஸின் நடிப்பைப் புரிந்துகொள்ள அது அவசியம். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் கெடுபிடிக் காலம். பிரதி முழுவதையும் முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். மேடையில் எழுதாத வார்த்தையைச் சேர்த்தால் தண்டனை. நடிகரும் நாடகாசிரியருமான நெஸ்ட்ராய் இதற்காகச் சிறைக்கே போனார். ஆகவே கொட்டகைக் குறும்பு முழுக்கச் சொல்லிலிருந்து கண்ணுக்கும் கைக்கும் இடைவெளிக்கும் போனது. ஒப்புதல் வாங்கிய வரியையே எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது என்பதற்குச் சட்டம் போட முடியாதல்லவா? குரோனெஸின் துடுக்குத்தனம் பற்றிய பேச்சு அத்தனையும் இந்தப் பின்னணியில் படிக்க வேண்டியது. அதனால்தான் காகிதத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் எதற்காகக் கொண்டாடப்பட்டார் என்று விளங்குவதில்லை.

அடுத்து அவர் எழுதியவை. 1828-இல் ஓர் ஏரிக் கன்னியைப் பற்றிய "சில்ஃபிடே", அதற்கு அடுத்த ஆண்டு மூடுபனிப் பூதமும் சாராயம் காய்ச்சுபவனும் வரும் ஒரு மாயநாடகம், 1830-இல் "கிளியோபாட்ரா". காவியம் என்று சொல்ல மாட்டோம். மேடைக்கு ஏற்றபடி, நடிகருக்கு இடம் விட்டு எழுதப்பட்ட பிரதிகள். ஒரு நடிகை ஏன் எழுத உட்கார்ந்தார் என்பதற்குத் தொழில் காரணம் உண்டு. அன்றைய ஒப்பந்தங்களில் "பெனிஃபிட்ஸ்" என்று ஓர் இரவு இருக்கும். அன்றைய வசூலில் செலவு போக மிச்சம் அந்த நடிகருக்கு. கூட்டம் வர வேண்டுமானால் புது நாடகம் வேண்டும், அதைத் தேடிப் பிடிப்பது நடிகரின் பொறுப்பு. எழுதித் தருவதாகச் சொன்ன ஆசிரியர் சரியாக எழுதித் தரவில்லை என்றால் திண்டாட்டம். ரைமுண்ட் நாடகாசிரியரானதே இப்படித்தான்: 1823 டிசம்பரில் தன் பெனிஃபிட்ஸுக்கு வேறொருவர் எழுத ஆரம்பித்த பிரதி பிடிக்காமல், தானே எழுதி முடித்தார். நடிகர்கள் பேனா எடுப்பது அந்தக் கொட்டகையில் அதிசயமே இல்லை. அதை ஒரு பெண், தன் பெயரிலேயே, மூன்று முறை செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிரதிகளைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அன்று நாடகத்துக்குக் காப்புரிமை கிடையாது. அச்சிட்டால் எந்த ஊர்க் குழுவும் எடுத்து நடத்திக்கொள்ளும். ரைமுண்ட் அதனாலேயே உயிரோடு இருந்தவரை தன் நாடகங்களை அச்சிடவில்லை. தொகுப்பு வந்தது அவர் 1836-இல் இறந்த பிறகு. அரங்கத்தில் சுற்றியவை கையெழுத்துப் படிகள்; ஒவ்வொரு படியிலும் வரிகள் கூடியும் குறைந்தும் இருக்கும். எனவே எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்கட்டும்: அது நாடகத்தை விட்டு வெளியேறி நாட்டுப்பாடல் போலவே ஆகிவிட்டது. பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்து 1909-இல் லியோ ஃபால் செய்த சிறு ஆப்பரெட்டாவும் உண்டு, கதை வேறு.

1830-இல் குரோனெஸ் லியோபோல்ட்ஸ்டாட்டை விட்டு, கார்ல் கார்ல் என்ற அரங்க நிர்வாகி நடத்திவந்த வீன் நதிக்கரை அரங்கில் சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று காலமானார். வயது 29.

கடைசியாக இரண்டு திருத்தங்கள். அவர் புகழ்பெற்ற அரங்கத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. முடியாது. லியோபோல்ட்ஸ்டாட் அரங்கை 1847-இல் இடித்து, அதே இடத்தில் கார்ல் கார்ல் தன் பெயரில் புது அரங்கம் கட்டினார். அதுவும் இரண்டாம் உலகப் போரில் சேதமாகி 1951-இல் இடிக்கப்பட்டது. இன்றும் நிற்பது குரோனெஸ் கடைசி மாதங்களில் நடித்த வீன் நதிக்கரை அரங்கம்தான். வியன்னா போகும் வாசகர்களை அங்கே அனுப்புங்கள்.

மற்றொன்று படம். "தெரேசே குரோனெஸின் புகைப்படம்" என்று அடியில் போட்டிருக்கிறீர்கள். அவர் இறந்தது 1830. புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839. படத்தில் இருப்பவர், பின்னாளில் இளமை வேடம் போட்ட வேறொரு நடிகையாகத்தான் இருக்க வேண்டும். குரோனெஸ் காலத்திலேயே யோஹான் கிறிஸ்டியன் ஷோல்லர் என்ற ஓவியர் நாடகப் பத்திரிகைக்காக வியன்னா மேடைக் காட்சிகளை வண்ண அச்சுப் படங்களாக வரைந்திருக்கிறார். இளமை விடைபெறும் காட்சியும் அவற்றில் உண்டு. இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தைப் போட்டு, அடிக்குறிப்பை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஐரோப்பிய நாடகப் பிரதிகளைப் படித்துவரும் வாசகர்கள் சிலர்,
திருச்சி.