ஆம்லெட்காரனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு என் பல்லைத்தான் குறை சொல்ல வேண்டும். கீழ்த்தாடையில் வலது ஓரப் பல் ஒன்று ரொம்ப நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி கத்தவே ஆரம்பித்துவிட்டது. பிடுங்கியாகிவிட்டது, இப்போது சுகம். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பல் போன வழியில்தான் கிடைத்தது. அதனால் கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் வீட்டுச் செய்திகள். மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஓய்வு பெற்றதிலிருந்து நீ தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பதாகக் கடிதத்தின் அடியில் தங்கச்சி ஒரு வரி எழுதியிருக்கிறாள். விடுதியில் மாடிப்படி ஏறவே என்னைக் கைத்தடியாகப் பிடித்துக்கொண்டவன் நீ. நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

சரி, உன் கேள்வி. "இத்தனை வருஷமாகக் கண்டதையும் தின்றாயே, அதில் எது நன்றாக இருந்தது? 'வித்தியாசமாக இருந்தது' என்று மட்டும் எழுதாதே." இப்படிக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலை நிமித்தம் போன ஊர்களில் சின்னச் சின்ன உணவகங்களில் தின்றதையெல்லாம் எழுதிப் பார்த்தேன். நாற்பது பதார்த்தத்துக்கு மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கதை இருந்தது. ருசி எப்படி என்று சொல்ல முடிந்தது ஏழெட்டுக்குத்தான்.

நட்டோவை எடுத்துக்கொள். ஜப்பானியர்கள் சோயாபீன்ஸைப் புளிக்கவைத்துச் செய்வது. கரண்டியைத் தூக்கினால் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக இழுபடும், நாள்பட்ட காலுறை வாசம் வரும். பரிமாறிய பெண் "நிச்சயமாகத்தானே கேட்கிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்தக் கேள்வியே எனக்குப் போதை. வந்ததும் ஒரு வாய் எடுத்துப் போட்டேன், முகத்தைச் சுளித்தேன், தண்ணீர் குடித்தேன், முடிந்தது. அதற்கப்புறம் பத்து வருஷம் பார்க்கிறவர்களிடமெல்லாம் நட்டோவின் அட்டகாசத்தை நடித்தே காட்டியிருக்கிறேன். உன்னிடமும்தான். கூடவே வைத்திருந்த கடுகுப் பசையையும் சோயா சாஸையும் சேர்த்து, குச்சிகளால் நுரை கட்டும்வரை கிளறி, சூடான சோற்றின் மேல் போட்டுச் சாப்பிட வேண்டும் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் ஒரு நிமிஷத்துக்கு மேல் கிளறிக்கொண்டிருந்தார். நேரம் போகாமல் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சீனர்களின் நூற்றாண்டு முட்டையிலும் இதே முட்டாள்தனம்தான். பெயரைப் பார்த்து மயங்கினேன். நூறு வருஷமெல்லாம் இல்லை. சுண்ணாம்பும் சாம்பலும் மண்ணும் சேர்ந்த கலவையில் சில வாரங்களோ சில மாதங்களோ வைத்திருப்பார்கள். வெள்ளைக் கரு தேநீர் நிறத்தில் கண்ணாடிபோல் ஆகிவிடும், மஞ்சள் கரு கரும்பச்சையாகக் குழைந்து நிற்கும். லேசாக அம்மோனியா நெடி அடிக்கும். ஊறவைத்த இஞ்சித் துண்டோடோ மெத்தென்ற டோஃபு மேல் வைத்தோ கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ள வேண்டியதை, நான் அவித்த முட்டை மாதிரி பாதியை ஒரே வாயில் போட்டேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால், ஊறுகாயைக் கிண்ணத்தோடு குடித்தவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரிதான்.

எல்லாவற்றுக்கும் மறு வாய்ப்பு தருவேன் என்று நினைத்துவிடாதே. ஐஸ்லாந்துக்காரர்களின் ஹாகார்ல் என்ற சுறா இருக்கிறதே, அதை இனித் தொட மாட்டேன். அந்தச் சுறாவின் பச்சை இறைச்சி நஞ்சு. அதனால் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தி, பல் குத்தும் குச்சியில் சின்னச் சதுரமாகக் குத்தித் தருவார்கள். கழிப்பறை கழுவும் திரவத்தைப் பாலாடைக்கட்டியில் ஊற்றியது போல இருந்தது. அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்.

ஜெல்லி மீன் வேறு வகை. அதற்கு ருசி என்று அநேகமாக ஒன்றுமே கிடையாது. எள் எண்ணெயும் வினிகரும்தான் நாக்குக்குத் தெரியும், மற்றதெல்லாம் நறுக் நறுக்கென்ற கடி. மாட்டின் தசைநாண், வாத்தின் கால் சவ்வு எல்லாம் இந்த ரகம். சீனச் சமையலில் வாய்க்கு எப்படித் தட்டுப்படுகிறது என்பதற்கே தனி மதிப்பு. கடிப்பதற்கு ஒன்று, வழுக்குவதற்கு ஒன்று, எதிர்த்துத் துள்ளுவதற்கு ஒன்று. நான் அதில் ருசியைத் தேடிக் காணாமல் ஏமாந்துபோய் எழுந்து வந்திருக்கிறேன். பாட்டுக் கச்சேரிக்குப் போய் மேடை அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வந்த கதை.

சிச்சுவான் மிளகை முதல் தடவை கடித்தபோது ஒவ்வாமை வந்துவிட்டது என்றே பயந்தேன். உதடு துடித்தது, நாக்கு மரத்தது, தண்ணீர் குடித்தால் தண்ணீரே உலோகம் மாதிரி இருந்தது. அந்தத் துடிப்பை 2013இல் லண்டனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதட்டில் மிளகைத் தடவி, விரலில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்து ஒப்பிட்டதில், நொடிக்கு ஏறக்குறைய ஐம்பது தடவை அதிர்வதற்குச் சமம் என்று வந்தது. என் பயத்துக்கு நியாயம் இருந்தது! ஆனால் நாலாவது தடவைதான் அதில் ஓர் எலுமிச்சைத் தோல் வாசனை இருப்பதே தெரிந்தது. முதல் மூன்று தடவை உடம்பு அடித்த அபாய மணியில் மூக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. கடலோர ஊர் ஒன்றில், திங்கட்கிழமை ராத்திரி, ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஓர் உணவகத்தில் சிப்பி கேட்டேன். வேறு யாரும் அன்று அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று நாள் படுக்கை. அதற்கப்புறம் எட்டு வருஷம் சிப்பி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு புரண்டது. ஜான் கார்சியா என்ற ஆய்வாளர் 1955இலேயே எலிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். இனிப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, கதிர்வீச்சால் குமட்டலையும் உண்டாக்கினார். அப்புறம் எலிகள் அந்தத் தண்ணீரை ஒதுக்கின. தண்ணீர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. என் சிப்பி விஷயத்தில் குற்றம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், உலகத்துச் சிப்பியெல்லாம் என்ன பாவம் செய்தது? வெறுப்புக்கு ஒரு தடவை போதுமானதாக இருக்கிறது. ஆனால் சின்னக் குழந்தைக்கு ஒரு புதுக் காய் பிடிக்க எட்டு, பத்துத் தடவையாவது கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் அநேகமாக எல்லாவற்றையும் ஒரு தடவை மட்டும் தின்றுவிட்டு எனக்கு நாக்கு அகலம் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைகளுக்கு உணவக விமர்சனம் எழுதுகிறவர்கள்கூட ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர்கள் பேனாவைத் திறப்பதற்கு முன் ஓரிடத்துக்குக் குறைந்தது மூன்று தடவையாவது போவது வழக்கம். அவர்களில் ரூத் ரைக்கல் என்ற அம்மையார் 1993இல் ஒரு பெரிய உணவகத்துக்கு மாறுவேடத்திலும் போனார், தன்னை அடையாளம் கண்டுகொண்ட நாளிலும் போனார். இரண்டு உபசாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, பத்திரிகை அதற்குக் கொடுத்திருந்த நாலு நட்சத்திரத்தில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். உணவகம் ஒன்றே, சாப்பிட வந்தவள் ஒருத்தியே. நானும் பல ஊர்களில் வெளியூர்க்காரனுக்குக் கொடுத்ததைத்தான் தின்றுவிட்டு, அதுதான் அந்த ஊர்ச் சமையல் என்று உனக்கு எழுதியிருக்கிறேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

இனி பல்லுக்கு வருகிறேன். வெதுவெதுப்பாக, மெத்தென்று, காரமில்லாமல் சாப்பிடச் சொன்னார் டாக்டர். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆறே மேஜை போட்ட ஜப்பானிய உணவகம் ஒன்று இருக்கிறது. அங்கே எனக்குத் தோதாகக் கிடைத்தது சவன்முஷி ஒன்றுதான். மூடி போட்ட சின்னக் கோப்பையில் ஆவியில் வேகவைத்த முட்டைக் கலவை, இனிப்புக் கிடையாது. ஒரு பங்கு முட்டைக்கு ஏறக்குறைய மூன்று பங்கு தாஷி என்ற தெளிந்த சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்த்திச் சீவிய மீனையும் போட்டு இறக்குவது. அந்தக் கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு என்ன காரணம் என்று குடைந்துதான் கிகுனே இகேதா 1908இல் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இதெல்லாம் நான் எப்போதோ படித்ததுதான். படித்ததை நாக்கில் கண்டது இப்போது.

பதினொரு நாள், நண்பா. பதினொரு மதியமும் அதையே தின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒன்றையே தொடர்ந்து மூன்று நாள் கேட்டது கிடையாது. இரண்டாம் நாளே சலித்துவிட்டது. நாலாம் நாள் கரண்டி போன இடத்தில் தேன்கூடு மாதிரி ஊசித் துளைகள் தெரிந்தன. முந்தின நாள்களில் பட்டு மாதிரி இருந்ததே என்று யோசித்தேன். அன்று கூட்டம் அதிகம். ஆவியை வேகமாக விட்டிருக்கிறார்கள், முட்டை கொதித்துத் துளை விழுந்திருக்கிறது. ஆறாம் நாள் சாறு கொஞ்சம் நீர்த்திருந்தது. சனிக்கிழமை மீனின் புகை வாசம் தூக்கலாக இருந்தது. எட்டிப் பார்த்தேன், அடுப்படியில் வேறு ஆள். எட்டாம் நாளிலிருந்து மூடியைத் திறந்து முகர்ந்ததுமே யார் செய்தது என்று சொல்லிவிடுவேன். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் நாற்பது பதார்த்தத்தில் ஒன்றைக்கூட எனக்கு இப்படித் தெரியாது.

அப்போதுதான் உன் ஆம்லெட் ஞாபகம் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும், எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும், நான் மெனுவைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்க, நீ மெனுவைத் திறக்காமலேயே "ஒரு ஆம்லெட்" என்பாய். எத்தனை கேலி பண்ணியிருக்கிறேன்! "முட்டையில் ஏமாற்ற முடியாதுடா, வாணலியில் எத்தனை நேரம் இருந்தது என்று அதுவே சொல்லிவிடும்" என்று நீ ஒரு தடவை சொன்னாய். சோம்பேறியின் சாக்கு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், நூறு சமையலறைகளை நீ ஒரே கோலால் அளந்து வைத்திருக்கிறாய். என்னிடம் நூறு கதை இருக்கிறது, கோல் இல்லை. எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன், தங்கச்சியிடம் படித்துக் காட்டிவிடாதே.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை. பெயர் புரியாத பதார்த்தம் கண்ணில் பட்டால் இன்னமும் கை அதன் மேல்தான் போகிறது. ஒரு வழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொண்டேன். தெரியாதது ஒன்று கேட்டால், தெரிந்தது ஒன்றும் கூடவே கேட்கிறேன். தெரிந்ததிலேயே கை தவறியிருந்தால், தெரியாததன் தலையில் பழியைப் போடுவதில்லை. இன்னொன்று, பரிமாறுகிறவரிடம் "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். எல்லாமே நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார், பாவம் வேறென்ன சொல்வார்? மெனுவில் இரண்டைக் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேட்டால், கண் ஒன்றின் பக்கம் போகும். வாய் சொல்வதற்கு முன் கண் சொல்லிவிடும். அப்புறம், இருநூறு பதார்த்தம் போட்ட மெனுவைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுகிறேன். ஒரு சின்ன அடுப்படியால் இருநூறைப் புதிதாகச் செய்ய முடியாது. அங்கே உண்மையான சமையல்காரர் உறைபெட்டிதான்.

போன வாரம் நட்டோவுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை முறையாகக் கிளறினேன், கை வலிக்கும்வரை. வாசம் அதே வாசம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடுகும் சோறும் சேர்ந்த பிறகு அடியில் வறுத்த கொட்டை மாதிரி ஒரு ருசி இருக்கிறது. பிடித்திருக்கிறதா என்றால் இன்னும் தெரியவில்லை. இது இரண்டாவது தடவைதானே. சிப்பிக்கும் ஒரு நாள் போக வேண்டும், கூட்டம் நெரிகிற உணவகமாகப் பார்த்து. நீ வருகிறபோது போகலாம். நீ ஆம்லெட் கேட்டுக்கொள், அதில் பாதி எனக்கு.

உன் கேள்விக்குப் பதில்: சவன்முஷி, அதுவும் ஐந்தாம் நாளுடையது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: பன்னிரண்டாம் நாள் வாய் ஆறிவிட்ட தைரியத்தில் வறுத்த மீன் கேட்டேன். பரிமாறும் பெரியவர் எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். "இன்றைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.