அடுத்த தேதிக்குப் போய் வா

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில், "பிரஷர் 126க்கு 80 வந்துடுச்சும்மா, இனி எதுக்கு டாக்டர்?" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அப்போது எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. போனை வைத்த பிறகு தூக்கமும் வரவில்லை.

நீ கல்லூரியில் இருந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எட்டு மாதம் டாக்டர் பக்கமே போகவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள்: 190க்கு 110. பல்லைத் தொடாமலே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் கசிவது தெரிந்தது. சிறுநீரகத்தைப் பிரஷர் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்கு ஒரு வலிகூட இல்லை. உனக்குப் பரீட்சை நேரம், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்த 126 என்பது மாத்திரை பிடித்து வைத்திருக்கும் எண், கண்ணு. மாத்திரையை விட்டால் அதுவும் கைவிட்டுப் போகும். அளவு கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒருமுறை, வந்த பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான் வழக்கம். குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை அங்கே போய்க் கேள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், இதையெல்லாம் எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேட்டுவிடு. வீட்டு மெஷின் இதைச் சொல்லாது.

மெஷின் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் வீடியோவில் நீ அளந்ததைப் பார்த்தேன். சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, கால்மேல் கால் போட்டு, என்னோடு பேசிக்கொண்டே அளந்தாய். பேசினால் எண் ஏறும், கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே போனால் இறங்கும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்கார். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவே ஒரு நிமிடம் விட்டு அள. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் இப்படி எழுதிக்கொண்டு போனால் போதும். நல்லதாக வந்த எண்ணை மட்டும் எழுதாதே. வீட்டில் சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் அதிகம்தான்.

கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், குழி விழுகிறதா? அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு அப்படி வீக்கம் தரும். ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும். எது வந்தாலும் நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை இருக்கிறது. முதுகுவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று நீயே வாங்கிப் போடாதே, பிரஷரை ஏற்றிவிடும்.

இன்னொன்று, அம்மாவாகக் கேட்கிறேன். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடு. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்றித் தருவார்கள்.

180க்கு 120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

சரி, உன் அடுத்த தேதி எது? வியாழக்கிழமை கூப்பிடுகிறேன், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசு.

அன்புடன்,
அம்மா