எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய சிவப்புச் சட்டை வந்து சேர்ந்தது. அதில் எழுதியிருந்த ‘சூனர்ஸ்’ என்ற சொல்லுக்கு அம்மா பொருள் கேட்டாள். நீ இருக்கும் அமெரிக்க மாநிலமான ஓக்லஹோமாவில், அரசு குடியேறத் திறந்துவிட்ட நிலத்தில் 1889 ஏப்ரல் 22 அன்று, நண்பகல் எக்காளமும் துப்பாக்கியும் ஒலித்ததும், ஏறத்தாழ 50,000 பேர் ஆளுக்கு 160 ஏக்கர் பிடிக்கக் குதிரைகளிலும் வண்டிகளிலும் பாய்ந்தார்கள் என்றும், அதற்கு முன்பே களவாக நுழைந்து முளையடித்துக்கொண்டவர்களுக்கு வைத்த பெயர்தான் அது என்றும் சொன்னேன். பழித்துச் சொன்ன பெயரை இன்று மாநிலமே பட்டமாகச் சூடியிருக்கிறது.

நில அளவராக இருந்தவனுக்கு இது உறுத்துகிறது. 160 ஏக்கர் என்றால் பக்கத்துக்கு நாற்பது சங்கிலி. அதே 66 அடிச் சங்கிலியை நம் ஊர் வயல்களிலும் இழுத்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு எல்லை என்பது கல் நட்டு நிற்கும் இடம். அதைத் தாண்டினால் அடுத்தவர் வரப்பு. அமெரிக்கர்களுக்கோ அது மேற்கே நகர்ந்துகொண்டே போன குடியேற்றத்தின் விளிம்பு. அப்படியொரு கோடு இனி இல்லை என்று 1890 கணக்கெடுப்பு அறிவித்தபின், வரலாற்றாசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில், தங்கள் மக்களின் தன்னம்பிக்கையும் சனநாயக உணர்வும் அந்த விளிம்பில் உருவானவையே என்று வாதிட்டார். நிலம் தீர்ந்தும் எண்ணம் தீரவில்லை. 1960 தேர்தலில் கென்னடி ‘புதிய எல்லை’ என்றே முழங்கினார்.

மரமில்லாச் சமவெளியில் புல்வேரோடு மண்ணைப் பாளமாக வெட்டிச் சுவர் எழுப்பி வாழ்ந்தவர்களின் துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மண்ணை ‘யாருமற்ற நிலம்’ என்று சொல்வதைத்தான் என் மனம் ஏற்க மறுக்கிறது. பதிவேட்டில் புறம்போக்கு என்றிருந்த இடத்துக்கு நான் அளக்கப் போனபோதெல்லாம், ஒரு குடிசையும் முளையில் கட்டிய ஆடும் எனக்கு முன்பே அங்கே இருந்தன. ஓக்லஹோமாவில் ‘ஒதுக்கப்படாத நிலம்’ என்று அழைக்கப்பட்டது, 1866 உடன்படிக்கைகளின்படி கிரீக், செமினோல் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அமெரிக்க அரசு பெற்ற மண். மாநிலத்தின் பெயருக்கே சாக்டா என்ற பூர்வகுடி மொழியில் ‘சிவந்த மக்கள்’ என்று பொருள்.

நூலகத்துக்குப் போனால், நார்மன் ஊர்ப் பகுதிக்கு 1889க்கு முந்தைய வரைபடம் இருக்கிறதா என்று பார். இருந்தால் படமெடுத்து அனுப்பு. அதில் எவர் பெயர் எழுதியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா