பழைய பற்களைக் கழுவிவிடாதீர்கள்

அகழாய்வு செய்கிறவர்களுக்கும், அருங்காட்சியகக் கிடங்குகளில் எலும்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்,

வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். மண்ணிலிருந்து எடுக்கும் மனிதப் பற்களை, தாடையிலிருந்து கழன்று விழுந்த ஒற்றைப் பல்லாக இருந்தாலும் சரி, பத்திரமாக வையுங்கள்.

பிளேக் கிருமியின் பூர்வீகத்தைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி பற்களில் கிடைத்ததுதான். நோய் முற்றும்போது கிருமி ரத்தத்தில் பெருகும், பல்லுக்குள் இருக்கும் கூழிலும் அந்த ரத்தம்தான் ஓடும். ஆள் இறந்தபின் அதன் டிஎன்ஏ உள்சுவரில் தங்கிவிட, எனாமல் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்கிறது. ஆய்வகத்தில் பல்லை அறுத்து உட்புறத்தைச் சுரண்டினால் கிடைக்கும் ஒரு சிட்டிகைத் தூள் போதும்.

2015இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். யூரேசியாவின் வெண்கலக் கால மக்கள் எப்படி இடம்பெயர்ந்தார்கள் என்று அறிய எடுத்த 101 பேரின் மாதிரிகளில், யாரும் எதிர்பார்க்காமல் 7 பேரிடம் பிளேக் கிருமி இருந்தது. மிகப் பழையது கிட்டத்தட்ட 5000 ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த ஏழில் ஆறில், பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியின் குடலில் கிருமி பிழைத்திருக்க உதவும் மரபணுவே இல்லை, ஆனால் பின்னர் வேறொரு ஆய்வில் ரஷ்யாவின் சமாரா பகுதியில் கிடைத்த சுமார் 3800 ஆண்டு பழைய கிருமியில் அது இருக்கிறது.

பிளேக் கிருமியின் மூதாதை யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ், பெரும்பாலும் வயிற்றைக் கெடுக்கிற, உணவு வழியாகப் பரவுகிற சாதாரணக் கிருமி. அதிலிருந்து பிளேக் கிருமியாக மாறியபோது புதிதாக வாங்கியது கொஞ்சம்தான், மீதியெல்லாம் இழந்ததால் வந்த பலம் என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. பூச்சிக்கு நஞ்சாக இருந்த ஒரு நொதி செயலிழந்தது. பிசுபிசுப்பான படலம் உண்டாவதைத் தடுத்துவந்த மூன்று மரபணுக்களும் செயலிழந்தன. விளைவு, தெள்ளுப்பூச்சியின் முன்குடல் அடைபட்டு, பசி தீராமல் அது மறுபடி மறுபடி கடித்து, கடித்த இடத்திலெல்லாம் கிருமியை இறக்கியது.

அப்புறம் காரா-ஜிகாச். இன்றைய கிர்கிஸ்தானில், இசிக்-குல் ஏரிக்கருகே உள்ள கல்லறைத் தோட்டம், 1885 முதல் 1892 வரை தோண்டப்பட்டது. அந்தப் பகுதியின் ஆண்டு குறித்த 467 கல்லறைக் கற்களில் 118 கற்கள் 1338, 1339 என்ற இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை, சிலவற்றில் பழைய கிறிஸ்தவ வழிபாட்டு மொழியான சிரியாக்கில் கொள்ளைநோயால் இறந்தார் என்றே வெட்டியிருக்கிறது. வரலாற்றாசிரியர் பிலிப் ஸ்லாவின் அந்த எண்ணிக்கையின் பின்னே போனார். மண்டையோடுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்தன, பழைய அகழாய்வுக் குறிப்புகளும் பிழைத்திருந்தன. பற்களைச் சோதித்ததில் மூவரிடம் பிளேக் கிருமி கிடைத்தது, பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கருப்புச் சாவு என்ற பிளேக்கின் கிருமிக்கு நேர் மூதாதை என்று 2022இல் அறிவித்தார்கள். தோண்டியவர்களுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரியாது. எந்த எலும்பு எந்தக் கல்லுக்குக் கீழே இருந்தது என்று எழுதி வைத்தார்கள், அவர்களுக்குப்பின் வந்தவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான்.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இது இன்னும் முக்கியம். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒருவரின் டிஎன்ஏதான் தேறியது. இங்கே ஒரு பல்லைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

அதனால், கையுறை போட்டே எடுங்கள். பசை, வார்னிஷ் எதுவும் பூசவேண்டாம். குழி எண்ணும் தேதியும் எழுதிய சீட்டு பல்லோடேயே இருக்கட்டும். ஆய்வகம் கேட்டால் எல்லாப் பற்களையும் கொடுத்துவிடாமல், முதலில் சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கொடுங்கள், மிச்சத்தை நாளை வரப்போகும் கருவிகளுக்கு வையுங்கள். கிடங்கில் இடமில்லை என்று ஏதாவது பெட்டியைக் கழிக்க உத்தரவு வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடுவதற்கு முன் பழைய டிஎன்ஏ ஆய்வு செய்யும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.